'டிசைன் மனேஜர்' என்றால் என்ன வேலை?



இம்மாதம் ஒரு தாயின் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மூத்த மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், ஒழுக்கமான பிள்ளை, மகளுக்கும் விருப்பம். ஆனால் மாப்பிள்ளையின் தொழிலைக் கேட்டதும் வீட்டில் குழப்பம் தொடங்கிவிட்டது. ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில், புதிய உற்பத்திகளை உருவாக்கும் பிரிவில், அவர் 'டிசைன் மனேஜர்' என்று தரகர் சொல்லியிருக்கிறார்.

"இது தையல் வேலையா, படம் கீறுகிற வேலையா? மனேஜர் என்றால் அவர் எதை மனேஜ் பண்ணுகிறார்? மகளின் வாப்பா 'படம் கீறிக் குடும்பம் நடத்த ஏலுமா?' என்று கேட்கிறார். மகளோ ஒன்றும் பேசாமல் அறைக்குள் இருக்கிறாள். நீங்கள் விளக்கமாக எழுதினால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்" என்று கடிதம் முடிகிறது.

ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் தடைப்பட்டு நிற்கிறது. ஆகவே வாப்பாவும் கேட்பார் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

இந்தப் பதவிப் பெயர் எம்மவர்க்குப் புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகே இந்நாட்டில் ஏற்றுமதி ஆடைத்தொழில் பெருகியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத்தொழிற்சாலைகள் திட்டத்தால் அது கிராமங்களுக்கும் போயிற்று. அக்காலத்தில் நாம் செய்தது பெரும்பாலும் வெட்டித் தைப்பதுதான். எந்தத் துணி, எந்த நிறம், எத்தனை பொத்தான், கழுத்து எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் வெளிநாட்டுக் கொள்வனவாளரே தீர்மானித்து அனுப்பிவிடுவார். தைத்து, மடித்து, பெட்டியில் அடைத்து அனுப்புவது எங்கள் பக்கம். எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரையறுக்கும் 'கோட்டா' முறை 1974 முதல் இருந்தது. அந்தக் கோட்டா இருக்கும்வரை நமக்கும் ஒரு பங்கு கிடைத்துக்கொண்டிருந்தது.

2005 ஜனவரி 1ஆம் திகதி அது முற்றாக நீங்கியது. அதன்பின் தையற்கூலியை மட்டும் வைத்துப் போட்டியிட்டால், நம்மிலும் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் நாடுகளிடம் தோற்றுவிடுவோம் என்பதை இங்குள்ள பெரிய கம்பனிகள் உணர்ந்தன. 'சொன்னதைத் தைத்துத் தருகிறோம்' என்று நின்றுவிடாமல், 'இதை இப்படிச் செய்தால் உடுத்துபவருக்கு இன்னும் வசதி' என்று கொள்வனவாளரிடம் தாமே யோசனை கொண்டுபோகும் பிரிவுகளை வளர்த்தன. அந்தப் பிரிவுக்கே 'புரொடக்ட் டிவலப்மன்ட்' என்று பெயர். வடிவமைப்பு முகாமையாளர், அதாவது டிசைன் மனேஜர், அங்கேதான் இருக்கிறார்.

சரி, அவர் அங்கே என்ன செய்கிறார்?

ஒரு சாதாரண இரவுச் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடைக்கு வருமுன் எத்தனை பேர் கையில் அகப்படுகிறது தெரியுமா? டிசைனர் கீறுகிறார். பெட்டர்ன் வெட்டுபவர் அந்தப் படத்தைத் தட்டையான கடதாசித் துண்டுகளாக மாற்றுகிறார். துணிக்குப் பொறுப்பானவர் அது தண்ணீரில் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா என்று பார்க்கிறார். விலை கணிப்பவர் ஓர் அங்குலத் துணியையும் ஒரு சாண் நூலையும் எண்ணுகிறார். கொள்வனவாளரோடு பேசுபவர் திகதியைச் சொல்லி அவசரப்படுத்துகிறார். தொழிற்சாலைப் பொறுப்பாளர், 'இந்த மடிப்பை வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை சட்டை குறையும்?' என்று கேட்கிறார். அளவுகள், தையல் வகை, துணி, லேபல் எல்லாம் எழுதிய ஒரு கோவை தயாராகிறது. அதை 'டெக் பெக்' என்பார்கள். அதைப் பார்த்துச் சாம்பிள் அறையில் ஒன்றைத் தைத்து, ஆளுக்கு உடுத்திப் பார்த்து, திருத்தி, மறுபடி தைத்து, எல்லா அளவுகளிலும் தைத்து, அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் வெட்டத் தொடங்குகிறார்கள்.

இதில் ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் அளவில் நியாயமே. விலை கணிப்பவர் கஞ்சத்தனத்தால் பேசவில்லை. விலை ஏறினால் ஓடர் போய்விடும், ஓடர் போனால் தைக்கும் பெண்பிள்ளைகளுக்கு வேலை போய்விடும். தொழிற்சாலைக்காரர் சோம்பலால் பேசவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் பக்கம் கொஞ்சம் இழுத்து, கையில் ஒரு துண்டு குறைந்து, கக்கத்தில் ஒரு தையல் குறைந்து, கடைசியில் வருகிற சட்டையை உடுத்துக்கொண்டு ஒரு தாய் பிள்ளையைத் தூக்கினால் தோள் இறுகுகிறது. அந்தத் தாய் எந்தக் கூட்டத்திலும் இருக்கவில்லை. பொருளை வாங்கிப் பாவிப்பவர்தான் அதை உருவாக்கும் மேசையில் இல்லாதவர். அவருக்காக அந்த மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியவர் வடிவமைப்பு முகாமையாளர். விலையும் திகதியும் தொழிற்சாலையின் சக்தியும் என்னவென்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். தெரியாமல் பேசினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நமது கலியாண வீட்டுப் பண்டாரியைப் பாருங்கள். இருநூறு சஹன் சாப்பாடு என்றால் அவர் வெங்காயம் உரிக்கமாட்டார், விறகும் கொத்தமாட்டார். ஆனால் எந்தச் சட்டி எப்போது ஏற வேண்டும், யார் கையில் உப்பைக் கொடுக்கலாம், வீட்டுக்காரர் இறைச்சியைக் குறைக்கச் சொன்னால் எவ்வளவு மட்டும் குறைக்கலாம், எந்த அளவுக்குக் கீழே போனால் 'முடியாது' என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கடைசியில் வாயில் வைத்துப் பார்த்துச் சரி சொல்பவரும் அவர்தான். 'இவர் என்ன சமைத்தார்?' என்று யாரும் கேட்பதில்லை.

தையலறிந்த சகோதரிகளுக்கு இன்னொன்று உடனே விளங்கும். கடதாசியில் பிழை என்றால் அழித்துவிடலாம். வெட்டிய துணியில் பிழை என்றால்? பிளாஸ்டிக், உலோகப் பொருட்களில் இது இன்னும் கடுமை. உருக்கில் அச்சுக் குடைந்தபின் ஒரு விளிம்பை மாற்றுவதென்றாலும் பெரும் செலவு. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளை முதல் வாரத்திலேயே கேட்கவைப்பது அவர் பணியில் பெரும்பகுதி. யாருக்காக இது, எந்தக் கையால் பிடிப்பார், எங்கே வைப்பார், எப்படிக் கழுவுவார், உடைந்தால் என்ன செய்வார் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்த பின்னரே டிசைனரைக் கீறச் சொல்ல வேண்டும். நாற்பது படங்கள் வந்தால் முப்பத்தாறை ஒதுக்க வேண்டும். ஒதுக்கும்போது கீறிய பிள்ளைகளின் மனம் ஒடியாமல் காரணம் சொல்ல வேண்டும். மத்ரஸாவில் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் எங்களுக்கே இது லேசான காரியமல்ல.

இந்தத் தொழிலின் தன்மையைப் பார்க்க ஜெர்மனியின் 'பிரவுண்' கம்பனியைச் சொல்லலாம். நம்மவர் பலர் அதன் பெயரைச் சவரக் கருவியிலும் மிக்ஸரிலும் பார்த்திருப்பார்கள். 1921இல் மக்ஸ் பிரவுண் என்பவர் பிராங்க்பர்ட் நகரில் ஆரம்பித்தது. 1951இல் அவர் மௌத்தானார். ஆர்ட்டூர், எர்வின் என்ற இரு மகன்மாரும் பொறுப்பேற்றார்கள். அன்று வானொலிப் பெட்டிகள் பளபளக்கும் மரமும் பொன்னிறக் கம்பிகளுமாக அலங்காரப் பெட்டகம் போலச் செய்யப்பட்டன. சகோதரர்கள் இருவரும் வேறு வழி தேடினார்கள். பிரிட்ஸ் ஐக்ளர் என்பவரிடம் வடிவமைப்புப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பொறியியலாளருமல்ல, டிசைனருமல்ல. நாடகம், சினிமா இயக்கியவர். உல்ம் நகரில் இருந்த வடிவமைப்புக் கல்லூரியோடு தொடர்பு ஏற்படுத்தி, யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று அறிந்து கொடுத்தார். 1955இல் டுசல்டோர்ப் கண்காட்சியில் அவர்களுடைய புதிய வானொலிகள் வந்தபோது மற்றக் கம்பனிகளின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவை வேறு உலகத்தவை போலிருந்தன.

அதே ஆண்டு அங்கே சேர்ந்தவர் டீற்றர் ராம்ஸ். கட்டட, உள்ளக அலங்கார வேலைக்காக எடுக்கப்பட்டவர். 1956இல் வந்த எஸ்.கே. 4 என்ற வானொலியும் இசைத்தட்டு இயந்திரமும் சேர்ந்த பெட்டிக்கு முதலில் உலோக மூடி போட நினைத்திருந்தார்கள். சத்தம் எழும்பும்போது அது அதிர்ந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி போடலாம் என்றார் ராம்ஸ். பிறகு உலகம் முழுவதும் இசைத்தட்டு இயந்திரங்களுக்கு அப்படியே மூடி வந்தது.

1961இல் ராம்ஸ் வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார். 1995 வரை அப்பொறுப்பிலிருந்தார். ஏறக்குறைய 34 வருடங்கள்! அவருடைய பெயர்தான் இன்று பிரபலம். ஆனால் அந்தக் கம்பனியின் பொருட்கள் பலவற்றை அவர் கீறவில்லை. மாவு பிசையும் கே.எம். 3 இயந்திரம் 1957இல் கெர்ட் ஆல்பிரட் முல்லர் செய்தது. கடிகாரங்களில் பெரும்பங்கு டீற்றிச் லூப்ஸ் என்பவருடையது. அவர்கள் செய்த பொருட்களை வரிசையாக வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கும். பல கைகள் செய்ததை ஒரு குடும்பமாக ஆக்கியதுதான் தலைவராக அவர் செய்த வேலை. வடிவமைப்புப் பிரிவின் தலைவர் கம்பனியின் தலைவரோடு நேரடியாகப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும், விற்பனைப் பிரிவுக்குக் கீழே ஓர் அறையில் அவரை வைத்தால் பயனில்லை என்பதையும் அவர் வற்புறுத்தி வந்தார். 1967இல் அமெரிக்காவின் ஜில்லட் கம்பனி பிரவுணின் பெரும்பங்கை வாங்கியது. ஓர் எஜமானிடமிருந்து இன்னோர் எஜமானிடம் போகும்போது இப்படிப்பட்ட பிரிவுகள்தான் முதலில் அடிபடும். ராம்ஸின் பிரிவு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நின்றது.

அவர்களுடைய கோப்பி இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாப்பிள்ளையின் அன்றாட வேலை அதில் தெரிகிறது. 1972இல் புளோரியன் சைபர்ட் என்பவர் கே.எஃப். 20 என்றொரு இயந்திரத்தை வடிவமைத்தார். மேலே தண்ணீர், நடுவில் கோப்பித்தூள், கீழே பாத்திரம் என்று கோபுரம் போல அழகாக இருக்கும். ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைக்க மேலே ஒரு சூடாக்கி, கோப்பியைச் சூடாக வைத்திருக்கக் கீழே இன்னொரு சூடாக்கி. செலவு கூடியது. 1984இல் வந்த கே.எஃப். 40 இயந்திரத்தை ஹார்ட்விக் கால்கே வடிவமைத்தார். தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய், ஒரே சூடாக்கியால் இரண்டு வேலையையும் முடித்தார்கள். அத்தோடு மலிவான ஒரு பிளாஸ்டிக்கையும் பாவிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தால் மட்டமான பரப்பில் சிறு பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும். என்ன செய்வது? பின்பக்கத்துத் தொட்டிமீது மேலிருந்து கீழாக நெளிநெளியாக வரிகள் வைத்தார்கள். பள்ளம் மறைந்தது.

அலங்காரமே கூடாது என்று சொல்லிவந்த கம்பனியில் இது சர்ச்சையாயிற்று. 'இந்த வரிகள் அலங்காரமல்லவா?' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வரிகளுக்கு ஒரு வேலை இருந்தது, அதனால் அவை நின்றன. மலிவான பிளாஸ்டிக் வேண்டும் என்ற கணக்காளரின் பக்கமும், பள்ளம் தெரியக்கூடாது என்ற கண்ணின் பக்கமும், வீட்டுக்காரி கொடுக்கக்கூடிய விலையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. இப்படியான பஞ்சாயத்தைத்தான் ஒரு வடிவமைப்பு முகாமையாளர் வாரத்துக்கு மூன்று தடவை நடத்துகிறார். என் பார்வையில், 'கூடாது' என்று சொல்லத் தெரிவதைவிட, தன் கொள்கைக்கு வெளியே ஒன்று வரும்போது அதற்கு நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிவதுதான் அவருக்குப் பெரிய தகுதி.

பாவிக்கும் பெண்ணை மேசைக்கு அழைப்பது என்று சொன்னேன். அதற்கு நம் அடுப்படியிலிருக்கும் ரைஸ் குக்கரைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜப்பானில் தோஷிபா கம்பனி 1955 டிசம்பரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே யமாதா ஷோகோ என்பவர் துணி கழுவும் இயந்திரங்களை விற்கும் வேலையில் இருந்தார். கழுவுவதைவிடச் சோறாக்குவதே பெரிய பாடு என்று வீட்டுப் பெண்கள் அவரிடம் சொன்னார்கள். விடியுமுன் எழும்பி, விறகடுப்பின் முன் குந்தியிருந்து, தீயைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் அதைக் காதில் வாங்கி, மினாமி யோஷிதாதா என்ற சிறு தொழிலதிபரிடம் போனார். தண்ணீர் சூடாக்கும் கருவி செய்தவர் அவர். சோறாக்கத் தெரியாது.

தெரிந்தவர் அவருடைய மனைவி புமிக்கோ. நாள்தோறும் எத்தனையோ முறை சோறாக்கி, நேரத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே வந்தார். கடும் குளிரிலும் சுடும் வெயிலிலும் வைத்து ஆக்கிப் பார்த்தார். கொதி வந்த பிறகு ஏறக்குறைய 20 நிமிடம் அந்தச் சூடு நின்றால் சோறு பதமாக வரும் என்று தெரிந்தது. ஆனால் அந்த 20 நிமிடத்தை இயந்திரம் எப்படி அறியும்? உள்ளே அரிசிப் பாத்திரம், வெளியே இன்னொரு பாத்திரம். வெளிப்பாத்திரத்தில் ஒரு கோப்பை அளவு தண்ணீர். அது வற்றி முடிய ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். வற்றியதும் வெப்பம் சட்டென ஏறும். ஏறியதும் ஓர் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். குளிர் பிரதேசத்தில் இது சரிவரவில்லை. சூடு வெளியே போகாமலிருக்க மூன்றடுக்காகச் செய்து சரிப்படுத்தினார்கள். இவாத்தா யோஷிஹாரு என்ற டிசைனர் அதற்கு எளிமையான வெள்ளை உருவம் கொடுத்தார்.

யமாதாவுக்கு அன்று 'டிசைன் மனேஜர்' என்ற பட்டம் இல்லை. வேலை அதுவேதான். குறையைக் கேட்டவர் ஒருவர், பொறி செய்தவர் ஒருவர், சோற்றின் பதம் அறிந்தவர் ஒருவர், உருவம் கொடுத்தவர் ஒருவர். யாராவது இவர்களை ஒன்றுசேர்த்து, இடையில் கைவிடாமல் கொண்டுபோக வேண்டியிருந்தது. புமிக்கோவின் கையேட்டை ஒருவரும் மதிக்காமல் விட்டிருந்தால் இயந்திரம் வந்திருக்கும், சோறு வந்திருக்காது. (நமது சிவப்பரிசியைப் போட்டால் சில குக்கர்களில் நுரை பொங்கி மூடிவழியே வழிகிறது என்று சகோதரிகள் குறைப்படுவதைக் கேட்கிறேன். அந்த மேசையில் இலங்கைப் பெண் யாரும் இருக்கவில்லை என்பதே இதற்குப் பதில்.)

இனிக் கடிதம் எழுதிய தாய்க்கு. இது படம் கீறும் வேலையென்று வாப்பா நினைப்பது சரியல்ல. நேரடியாகச் சொன்னால், ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கம்பனிக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அது. ஆட்கள், பணம், காலம் மூன்றும் அவர் கையில் ஓரளவு இருக்கும். ஆனால் பட்டத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். தனியே இருந்து கீறும் ஒருவருக்கும் 'மனேஜர்' என்று அட்டை அடித்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. வாப்பா மாப்பிள்ளையை அழைத்து, உங்கள் கீழ் எத்தனை பேர், சாம்பிளை யார் அங்கீகரிப்பது, விலை பேசும் கூட்டத்தில் உங்களுக்கும் இடம் உண்டா என்று கேட்கட்டும். தொழில் தெரிந்த பிள்ளை சந்தோஷமாகப் பதில் சொல்லும். கஷ்டமும் உண்டு, அதையும் மகளுக்குச் சொல்லுங்கள். கொள்வனவாளரின் பருவகாலத் திகதி நெருங்கும்போது இரவாகித்தான் வீடு வருவார். வெளிநாட்டுப் பயணமும் இருக்கலாம். ஓடர் குறைந்தால் கவலையும் வீட்டுக்கு வரும். அரசாங்க உத்தியோகத்தின் நிம்மதி இதில் இல்லை.

மகளிடம் நீங்களே கேளுங்கள், தகப்பன் கேட்பதற்கு முன். அறைக்குள் இருக்கும் பிள்ளை, தரகர் சொன்னதைவிட அதிகமாக அவரைப் பற்றி அறிந்திருக்கவும் கூடும்.

கடிதத்தின் ஓரத்தில் இளைய மகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவளும் இந்தத் துறையில் படிக்க ஆசைப்படுகிறாளாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. ஆடை வடிவமைப்பும் உற்பத்தி உருவாக்கமும் ஒரு பாடநெறி. பொதுவாகப் பொருட்களை வடிவமைப்பதற்குக் கட்டடக்கலைப் பீடத்தில் இன்னொன்று. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். எந்தப் பாடங்களோடு விண்ணப்பிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் இருக்கிறது. உளச்சார்புப் பரீட்சைக்குரிய விண்ணப்பம் வேறாகக் கோரப்படும். அந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.